ரீச்சரின் சதுரக்கோட்டுக் கொப்பி: ஒரு மைலோமா நிகழ்வு ஆய்வு

மைலோமா என்பது, நோயெதிர்ப்புப் புரதங்களைச் செய்யும் பிளாஸ்மா கலங்கள் என்பு மச்சைக்குள் கட்டுமீறிப் பெருகும் புற்றுநோய். நோயாளி ஓய்வுபெற்ற கணித ஆசிரியை. நோய் கண்டுபிடிக்கப்பட்டபோது வயது 66. யாழ்ப்பாணத்து வலிகாமத்தில், எங்கள் வீட்டுக்கு இரண்டு ஒழுங்கை தள்ளி மகளோடு இருக்கிறார். மகன் ரொறன்ரோவில். நான் அவருக்குச் சிகிச்சை செய்தவன் இல்லை. மருத்துவ ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளராக வேலை செய்து ஓய்வுபெற்றவன். அவருடைய அறிக்கைகளை மூன்று வருடமாகப் பக்கத்தில் இருந்து வாசித்தவன். ஆள் அடையாளம் தெரியாமல் எழுத அவர் சம்மதித்தார். "ஆளைச் சொல்லாதையும் தம்பி, எண்ணைச் சொல்லும்" என்பதுதான் அவர் போட்ட நிபந்தனை.

சரி, எண்ணையே சொல்கிறேன். இந்த மூன்று வருடத்தில் நோய் கூடிவிட்டது என்று அந்த வீடு கலங்கியது ஐந்து தடவை. நான்கு தடவை அதற்கும் நோய்க்கும் தொடர்பு இருக்கவில்லை. ஐந்தாவது தடவை நோய்தான். அந்த முறை "பயப்பட ஒன்றுமில்லை" என்று சொன்னவன் நான். அதையும் மறைக்காமல் எழுதவேண்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

தொடக்கம்

ஐந்து மாத முதுகுவலி. கிணற்றடியில் வாளி தூக்கியதால் வந்தது என்று எல்லோரும் நினைத்தார்கள். எண்ணெய் பூசினார்கள், டைக்ளோபெனாக் குளிசை வாங்கிப் போட்டார்கள். படியேறினால் மூச்சு வாங்கியது. ஒரு நாள் மகள் வற்புறுத்தி வைத்தியசாலைக்குக் கூட்டிக்கொண்டு போனபோது எடுத்த குருதிப் பரிசோதனையில் ஈமோகுளோபின் 8.4, ஈஎஸ்ஆர் (செங்குருதிக் கலங்கள் அடியில் படியும் வேகம்) 128. குருதிப் படலத்தைப் பார்த்தவர் செங்குருதிக் கலங்கள் காசு அடுக்கியதுபோல ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டிக்கிடப்பதைக் குறித்து அனுப்பியிருந்தார். அந்த ஒரு வரிக் குறிப்புத்தான் வழியைத் திறந்தது. மொத்தப் புரதம் டெசிலீற்றருக்கு 10.4 கிராம், அதில் அல்புமின் 3.1 மட்டும். மிச்சம் 7.3 கிராமும் குளோபியூலின். வழமையாக அது இரண்டரை மூன்றோடு நிற்கும்.

கல்சியம் 2.58 மில்லிமோல் என்று இருந்தது. அறிக்கையில் அதற்குப் பக்கத்தில் எந்தக் குறியும் இல்லை, ஏனென்றால் அந்த ஆய்வுகூடத்தின் மேல் எல்லை 2.60. ஆனால் கல்சியத்தில் பாதியளவு அல்புமினைப் பற்றிக்கொண்டுதான் குருதியில் ஓடுகிறது. அல்புமின் குறைந்திருந்தால் மொத்தக் கல்சியமும் குறைத்துக் காட்டும். லீற்றருக்கு 40 கிராமில் இருந்து அல்புமின் குறையும் ஒவ்வொரு கிராமுக்கும் 0.02 கூட்டவேண்டும். இவருடைய 3.1 என்பது லீற்றருக்கு 31 கிராம், 9 கிராம் குறைவு, 0.18 கூட்டினால் 2.76. மைலோமாவில் கவலைப்படவேண்டிய கோடு 2.75. ஒழுங்காய்த் தெரிந்த எண் உண்மையில் எல்லை தாண்டியிருந்தது. ரீச்சர் இந்தக் கணக்கைப் பிற்பாடு தன் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதி, சுற்றிவரப் பெட்டி கீறிவைத்தார்.

சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேற்றினின் 132 மைக்ரோமோல், கூட. என்பு மச்சையில் 38 விழுக்காடு பிளாஸ்மா கலங்கள். முதுகெலும்பில் ஒரு முள்ளென்பு நசிந்திருந்தது. புரதங்களை மின்புலத்தில் பிரிக்கும் பரிசோதனையில் எம் புரதம் 4.8 கிராம், வகை ஐஜிஜி கப்பா.

எம் புரதம் என்றால் என்ன என்று அவர் கேட்டபோது அந்த வரைபடத்தையே காட்டினேன். குருதித் தெளியத்தில் உள்ள புரதங்களை மின்சாரத்தால் ஓடவிட்டுப் பிரிக்கும் முறை ஆர்னே டிசேலியஸ் 1930களில் செம்மைப்படுத்தியது. 1948இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்ததில் இந்த வேலைக்கும் பங்குண்டு. படத்தின் இடது பக்கம் அல்புமின், உயரமாக. பிறகு சிறு மேடுகள். கடைசியில் காமா பகுதி, நோயெதிர்ப்புப் புரதங்கள் இருக்குமிடம். அது சுகதேகியில் அகலமாகப் பரந்து கிடக்கும், ஏனென்றால் ஆயிரக்கணக்கான வகைக் கலங்கள் ஆளுக்கொரு விதமாகச் செய்வதால் எல்லாம் சற்றே வேறு வேறு வேகத்தில் ஓடும். மைலோமாவில் ஒரே கலம் பெருகி ஒரே அச்சில் வார்த்த புரதத்தைச் செய்துகொண்டே இருக்கும். எல்லாம் ஒரே இடத்தில் போய் நிற்பதால் ஒடுங்கிய ஒரு கூர் எழும். "கோயில் கோபுரம் மாதிரி" என்றார். ஓம், அதுதான்.

கூடவே இன்னொரு அளவையும் உண்டு. நோயெதிர்ப்புப் புரதம் ஒன்றில் பாரச் சங்கிலி இரண்டு, இலேசான சங்கிலி இரண்டு. இலேசான சங்கிலிகளைக் கலங்கள் தேவைக்கு மேலாகச் செய்வதால் மிச்சம் தனியே குருதிக்குள் வந்துவிடும். அவை கப்பா, லம்டா என இரு வகை. ஒரு கலம் இரண்டில் ஒன்றைத்தான் செய்யும். இலண்டனில் ஹென்றி பென்ஸ் ஜோன்ஸ் 1840களில் ஒரு நோயாளியின் சிறுநீரில் கண்டு எழுதிய விசித்திரப் புரதம் இதுதான். அதைக் குருதியில் நுட்பமாக அளக்கும் பரிசோதனை பரவலானது 2001க்குப் பிறகு. இவருக்குக் கப்பா பல மடங்கு கூடியிருந்தது.

சிகிச்சை போர்டிசோமிப், சைக்ளோபொஸ்பமைட், டெக்சாமெதசோன். என்புக்குச் சொலிட்ரோனிக் அசிட். ஒருகாலத்தில் யாழ்ப்பாணத்துப் புற்றுநோயாளிகள் பலர் கொழும்புக்குப் பக்கத்தில் மகரகம புற்றுநோய் வைத்தியசாலைக்குப் போய்த் தங்கவேண்டியிருந்தது. தெல்லிப்பழையில் புற்றுநோய்ப் பிரிவு எழும்ப 2011இல் தீவின் தென்முனையான தேவேந்திரமுனையில் இருந்து வடமுனையான பருத்தித்துறை வரை நடந்து நிதி சேர்த்தவர்களை நான் இப்போதும் நன்றியோடு நினைக்கிறேன். ஒரு நோயாளி பஸ்ஸில் போய் மத்தியானத்துக்குள் வீடு திரும்பக்கூடியதாக இருப்பது எவ்வளவு பெரிய காரியம் என்பது இரவு முழுக்கக் கொழும்புக்கு இருந்துகொண்டு போனவர்களுக்குத் தெரியும்.

41.2இல் இருந்து 96

முதற் கலக்கம் சிகிச்சை தொடங்கி ஒரு மாதத்தில். காலை ஆறு மணிக்கு மகள் படலையைத் தட்டினார்.

"மாமா, அண்ணா ராத்திரி முழுக்க நித்திரை கொள்ளேல்லையாம். கப்பா 41இலை இருந்து 96க்குப் போட்டுதாம். மருந்து வேலை செய்யேல்லை எண்டு அழுறார்."

வட்ஸ்அப்பில் போன இரண்டு அறிக்கைகளையும் வாங்கிப் பார்த்தேன். முதலாவது ஒரு தனியார் சேகரிப்பு நிலையம் ஊடாகக் கொழும்புக்குப் போனது. இரண்டாவது வேறொரு நிலையத்தில் கொடுத்தது. முதலாவதில் கப்பா 41.2, அளவு டெசிலீற்றருக்கு மில்லிகிராம். இரண்டாவதில் 96, அளவு லீற்றருக்கு மில்லிகிராம். ஒரு லீற்றரில் பத்து டெசிலீற்றர். முதல் எண் உண்மையில் 412. ஆக 412இல் இருந்து 96க்கு வந்திருக்கிறது. நாலில் ஒரு பங்குக்கும் கீழே. அன்று அந்த வீட்டில் பாயசம் காய்ச்சியிருக்கவேண்டும்.

அலகை வாசிக்க மறந்தாலும் காப்பாற்றக்கூடிய ஒன்று அதே வரியில் இருந்தது. சாதாரண வீச்சு முதலாவதில் 0.33 முதல் 1.94 வரை, இரண்டாவதில் 3.3 முதல் 19.4 வரை. வீச்சு பத்து மடங்கு மாறியிருந்தால் அலகு மாறியிருக்கிறது. எம் புரதத்துக்கும் இதே தொல்லை உண்டு. கனடாவில் லீற்றருக்கு 48 கிராம் என்பார்கள், இங்கே டெசிலீற்றருக்கு 4.8 என்று வரும். கிரியேற்றினின் மில்லிகிராமில் 1.5 என்று வந்தால் மைக்ரோமோலில் அது ஏறத்தாழ 133, 88.4ஆல் பெருக்கவேண்டும். பிள்ளைகள் வெளிநாட்டில், தாய் இங்கே, அறிக்கை தொலைபேசியில் என்று ஆகிவிட்ட எங்கள் குடும்பங்களில் இந்தக் குழப்பம் திரும்பத் திரும்ப வருகிறது.

அலகு சரியாக இருந்தாலும் ஆய்வுகூடத்தை மாற்றினால் இன்னொரு சிக்கல். இலேசான சங்கிலியை அளக்கும் கருவித்தொகுதிகளை ஒன்றுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் செய்கின்றன. ஒரே குருதிக்கு அவை ஒரே எண்ணைத் தருவதில்லை. அன்றிலிருந்து ரீச்சர் ஒரே நிலையத்தில், ஒரே முறையில் எடுப்பித்தார். இதை நான் எல்லோருக்கும் மன்றாடிச் சொல்வேன்.

கப்பா இப்படி விழுந்தும் எம் புரதம் 4.8இல் இருந்து 3.6க்குத்தான் வந்திருந்தது. "ஒண்டு ஓடுது, மற்றது நடக்குது. ஏன்?" என்று கேட்டார். ஐஜிஜி புரதம் குருதியில் பாதியாகக் குறைய ஏறத்தாழ 21 நாள் எடுக்கும். இலேசான சங்கிலி சின்னது, சிறுநீரகம் நலமாக இருந்தால் சில மணித்தியாலத்தில் பாதி போய்விடும். மருந்து இன்று தொழிற்சாலையைப் பூட்டினாலும் சந்தைக்கு ஏற்கெனவே போன சரக்கு முடிய நாள் எடுக்கும். அவர் உடனே கொப்பியில் கணக்குப் போட்டார்: உற்பத்தி முழுதாக நின்றிருந்தால் 28 நாளில் 4.8 கிட்டத்தட்ட 1.9 ஆகியிருக்கவேண்டும், 3.6 இருப்பதால் உற்பத்தி இன்னும் நிற்கவில்லை, ஆனால் குறைந்திருக்கிறது. அவருக்குப் பக்கத்தில் இருந்து நான் படித்ததும் கொஞ்சமில்லை.

அந்த மாதங்களில் குருதிச் சிறுதட்டு 212, 96, 204, 88 என்று வாள்பல்லு மாதிரி ஏறி இறங்கியது. அது போர்டிசோமிப்பின் குணம். 21 நாள் சுற்றில் பதினோராம் நாளளவில் விழும், அடுத்த சுற்றுக்குள் எழும்பும். டெக்சாமெதசோன் போட்ட மறுநாள் எடுத்தால் வெண்குருதிக் கலமும் சீனியும் கூடிக் காட்டும். சுற்றில் எத்தனையாம் நாள் எடுத்த குருதி என்று எழுதிவைத்தால் இந்த இரண்டையும் பற்றி யாரும் கலங்கவேண்டியதில்லை.

எட்டாம் சுற்று முடிய எம் புரதம் 0.4, கப்பா 24, லம்டா 10.5, ஈமோகுளோபின் 11.2, கிரியேற்றினின் 88. எம் புரதம் 90 விழுக்காட்டுக்கு மேல் குறைந்தால் மிக நல்ல பகுதிப் பலன் என்று சர்வதேச மைலோமா செயற்குழுவின் அளவுகோல் சொல்கிறது. இவருக்கு 92. பிறகு நோய் திரும்பாமல் இருக்க லெனலிடொமைட் என்ற மருந்தில் தொடர் சிகிச்சை.

விழுக்காடு

இரண்டாம் வருடம் அறிக்கைகள் 0.4, 0.5, 0.4, 0.3, 0.5 என்று வந்தன. கடைசி அறிக்கையோடு அவரே வந்தார்.

"தம்பி, 0.3இலை இருந்து 0.5. அறுபத்தாறு தசம் ஏழு வீதம் கூடியிருக்கு. 25 வீதம் கூடினால் நோய் முன்னேறுது எண்டுதானே விதி?"

விதி அப்படித்தான். ஆனால் விதியில் இன்னொரு பாதி உண்டு. மிகக் குறைந்த அளவில் இருந்து 25 விழுக்காடு கூடவேண்டும்; அந்தக் கூடுதல் குறைந்தது டெசிலீற்றருக்கு அரைக் கிராமாகவும் இருக்கவேண்டும்; இன்னொரு தடவை எடுத்தும் அப்படியே வரவேண்டும். ஏன் அந்த அரைக் கிராம் என்பது ஆய்வுகூடத்தில் நின்ற எனக்குக் கை வழியாகத் தெரியும். அந்தக் கோபுரத்தின் அடிவாரம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கணினித் திரையில் இரண்டு கோடு வைப்பவர் ஒரு மனிதர். 4.8 கிராம் கோபுரத்தில் கோடு ஒரு மயிரிழை தள்ளினால் ஒன்றும் மாறாது. 0.4 கிராம் குன்று, பக்கத்தில் வழமையான காமா மேட்டோடு ஒட்டிக்கிடக்கும்போது, ஒருவர் வைத்தால் 0.3, மற்றவர் வைத்தால் 0.5. இருவரும் கவனமாகத்தான் செய்தார்கள். நோய் ஆடாமல் அசையாமல் இருக்கும் ஆட்களிலும் எம் புரதம் சுமார் 8 விழுக்காடும் கப்பா அல்லது லம்டா சுமார் 28 விழுக்காடும் தானே ஏறி இறங்கும் என்று அளந்து பார்த்திருக்கிறார்கள். 24 மணித்தியாலச் சிறுநீரில் உள்ள புரதம் இன்னும் கூட ஆடும்.

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "அப்ப சின்ன எண்ணுக்கு வீதம் பார்க்கக்கூடாது. இதை நான் பிள்ளையளுக்கு முப்பது வருசம் படிப்பிச்சனான்" என்றார்.

ஒரு சிறு விலகல். மைலோமாவுக்குத் தரட்டுமுமாப் என்ற ஊசி போடுபவர்களின் வீட்டார் இதை வாசித்தால்: அந்த மருந்தே ஐஜிஜி கப்பா வகைப் புரதம். பரிசோதனையில் மெல்லிய பட்டியாகத் தானே தெரியும். குருதி ஏற்றுமுன் செய்யும் பொருத்தப் பரிசோதனையையும் குழப்பும். ஆய்வுகூடத்துக்கும் குருதி வங்கிக்கும் மருந்தின் பெயரை எழுதிக் கொடுங்கள்.

கந்தசஷ்டி

என்னை மிகவும் பயப்படுத்தியது இதுதான், நோய் கூடாவிட்டாலும்.

முதல் வருடம் சிகிச்சையோடு சஷ்டி விரதம் பிடிக்கவில்லை. அது அவர் மனதில் கிடந்திருக்கிறது. இரண்டாம் வருடம் யாருக்கும் சொல்லாமல் நேர்த்தி வைத்து ஆறு நாளும் பிடித்தார். பகலில் ஒன்றுமில்லை, இரவில் பாலும் பழமும், தண்ணீர் பேருக்கு. ஆறாம் நாள் சூரன் போர் பார்க்கப் பின்னேரம் முழுக்கக் கோயில் வீதியில் நின்றார். மறுநாள் காலை பாறணைக்கு முன் குருதி கொடுத்தார். வெறும் வயிற்றில் கொடுத்தால் நல்லது என்று நினைத்திருக்கிறார். எம் புரதத்துக்கோ இலேசான சங்கிலிக்கோ வெறும் வயிறு தேவையே இல்லை.

அறிக்கை: மொத்தப் புரதம் 7.6இல் இருந்து 8.4. எம் புரதம் 0.5இல் இருந்து 0.6. கப்பா 26இல் இருந்து 38. கிரியேற்றினின் 88இல் இருந்து 124. கல்சியம் 2.58.

மகள் வந்தபோது கண் சிவந்திருந்தது. புரதம் ஏறியிருக்கிறது, சிறுநீரகம் கெட்டிருக்கிறது, கல்சியம் ஏறியிருக்கிறது. நோய் கண்டுபிடித்தபோது வந்த அறிக்கையின் சாயல் அப்படியே. நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். பிறகு மற்ற வரிகளை வாசித்தேன். ஈமோகுளோபின் 11.4இல் இருந்து 12.6. அல்புமின் 4.1இல் இருந்து 4.6.

மைலோமா திரும்பினால் ஈமோகுளோபின் ஏறாது. அல்புமினும் ஏறாது. ஈமோகுளோபின், அல்புமின், மொத்தப் புரதம் மூன்றும் ஒரேயடியாகப் பத்துப் பன்னிரண்டு விழுக்காடு ஏறியிருந்தால் குருதியில் எதுவும் கூடவில்லை, தண்ணீர்தான் குறைந்திருக்கிறது. இரசம் வற்றினால் உப்புக் கரிப்பது போல. கல்சியத்தை அல்புமினுக்குத் திருத்தினேன்: இந்த முறை லீற்றருக்கு 46 கிராம், 40க்கு மேலே 6, ஆகவே 0.12 கழிக்கவேண்டும், 2.46. ஒழுங்கு. முதல் வருடம் ஒழுங்காய்த் தெரிந்த அதே 2.58 உண்மையில் கூட. இந்த முறை கூடப்போல் தெரிந்த 2.58 உண்மையில் ஒழுங்கு.

கப்பாவுக்குப் பக்கத்தில் லம்டாவைப் பார்த்தேன். 11.5இல் இருந்து 19. இரண்டையும் சிறுநீரகம்தான் வெளியேற்றுகிறது. அது களைத்தால் இரண்டும் தேங்கும். விகிதம் 2.26இல் இருந்து 2.0. சுகதேகிகளில் அது 0.26க்கும் 1.65க்கும் இடையில் இருக்கும், சிறுநீரகம் பழுதானவர்களில் 3.1 வரை போகலாம். இவருடைய விகிதம் கூடவே இல்லை.

"நீங்கள் விரதமோ ரீச்சர்?" என்று கேட்டேன்.

அவர் நிலத்தைப் பார்த்தார்.

நோய் திரும்பவில்லை என்று சொன்னதும் வீடே மூச்சு விட்டது. எனக்கு மூச்சு வரவில்லை. 124 என்ற அந்தக் கிரியேற்றினின் பொய் எண் இல்லை. தண்ணீர் வற்றிய சிறுநீரகத்தில் இலேசான சங்கிலிகள் நுண்குழாய்களுக்குள் இறுகி அடைப்பாக மாறலாம். மைலோமாக்காரருக்குச் சிறுநீரகம் போகும் வழிகளில் முதன்மையானது அது. இதயத்தில் கோளாறு இல்லையென்றால் நாளுக்கு இரண்டு மூன்று லீற்றர் தண்ணீர் என்று கிளினிக்கில் சொல்வது ஒப்புக்குச் சொல்வது இல்லை. லெனலிடொமைட்டும் சிறுநீரகம் வழியாகவே போகிறது. அது மந்தமானால் மருந்து உடம்பில் தேங்கி வெண்குருதிக் கலங்களை வீழ்த்தும். முதுகுவலிக்கு டைக்ளோபெனாக் போட்ட அந்த ஐந்து மாதமும் எனக்கு நினைவுக்கு வந்தது. அந்தக் குளிசை இந்த நோயில் சிறுநீரகத்துக்கு நஞ்சு. அன்று யாருக்கும் தெரியாது.

முருகனுக்கு வைத்த நேர்த்தியைப் பற்றி நான் பேச வரவில்லை. தண்ணீரைப் பற்றி மட்டும் பேசினேன். அவர் குடித்தார். அன்று பின்னேரமே கிளினிக் வைத்தியருக்கும் அறிவித்தோம். எட்டாம் நாள் திரும்ப எடுத்தபோது ஈமோகுளோபின் 11.3, அல்புமின் 4.1, கிரியேற்றினின் 90, எம் புரதம் 0.4, கப்பா 27, லம்டா 12. கொப்பியில் அந்தப் பக்கத்தின் மேலே அவர் எழுதியது: "தண்ணீர்."

அந்தத் தையில் மழைக்குப் பின் நெஞ்சுச் சளிக் காய்ச்சல். உடம்பின் அழற்சியைக் காட்டும் சிஆர்பி 86, கப்பா 52, லம்டா 31, விகிதம் 1.7. காய்ச்சலுக்கு உடம்பின் எல்லாப் பிளாஸ்மா கலங்களும் வேலை செய்கின்றன, இரண்டும் சேர்ந்துதான் ஏறும். மகன் தொலைபேசியில் விகிதத்தைத் தானே கணக்குப் பார்த்துவிட்டு அமைதியாக இருந்தார். அதே தடவை பொட்டாசியம் 5.9 என்று வந்து ஒரு பதற்றம். தெளியம் சிவந்திருந்தது, கலங்கள் உடைந்த மாதிரி. திரும்ப எடுத்தால் 4.4.

முதலை வாய்

மூன்றாம் வருடம் மே மாதம். எம் புரதம் 0.5, கப்பா 41, லம்டா 11.

"கப்பா கூடியிருக்கு தம்பி."

"52 வரைக்கும் போட்டு வந்ததுதானே ரீச்சர். பயப்பட ஒண்டுமில்லை."

நான் சொன்னதில் எண்ணளவில் பெரிய பிழை இல்லை. மார்ச்சில் இருந்த 27இல் இருந்து 41 என்பது, நடு எண் 34 என்று வைத்தால், தானாக ஆடும் ஆட்டத்துக்குள் அடங்கக்கூடியது. ஆனால் முந்தின இரண்டு ஏற்றத்திலும் லம்டா கூட ஏறியது. இந்த முறை அது 12இல் இருந்து 11க்கு இறங்கியிருந்தது. காய்ச்சல் இல்லை, விரதம் இல்லை, கிரியேற்றினின் 88. நான்கு தடவை பொய்க் கலக்கத்தைத் தீர்த்துவைத்த பழக்கத்தில் ஐந்தாவதையும் அதே பெட்டிக்குள் போட்டேன். ஒரு மாதத்தில் திரும்ப எடுத்துப் பார்க்கச் சொல்லி வைத்தியரிடம் கேளுங்கள் என்று சொல்லியிருக்கவேண்டும். சொல்லவில்லை. வழமைபோல இரண்டு மாதம் போனது.

ஜூலையில் கப்பா 78, லம்டா 9, எம் புரதம் 0.7, ஈமோகுளோபின் 10.9.

அவர் கொப்பியை விரித்து என் முன் வைத்தார். சதுரக்கோட்டில் மூன்று வருடம். கப்பா சிவப்பு, லம்டா நீலம். விரதத்தில் இரண்டு கோடும் சேர்ந்து ஏறிச் சேர்ந்து இறங்கியிருந்தன. காய்ச்சலில் அதுபோலவே. மே மாதத்தில் இருந்து சிவப்பு மேலே, நீலம் கீழே.

"முதலை வாய் திறக்கிற மாதிரி இருக்கு" என்றார். குரல் நடுங்கவில்லை.

நீலம் இறங்குவதற்கும் காரணம் உண்டு. நோய்க் கலம் மச்சைக்குள் பெருகும்போது நல்ல கலங்களை நெருக்கி ஒதுக்குகிறது. அவை செய்யும் லம்டா குறைகிறது. அதனால் விகிதம் இரு பக்கத்தாலும் விரிகிறது: மார்ச்சில் 2.25, மேயில் 3.7, ஜூலையில் 8.7. எம் புரதம் இன்னும் விதியின் கோட்டைத் தொடவில்லை. சிறுநீரகம் ஒழுங்கு, கல்சியம் ஒழுங்கு, நோவு இல்லை. எண் மட்டும் பேசியது.

வைத்தியர் உடனே மருந்தை மாற்றவில்லை. குடும்பம் அதைப் புரிந்துகொள்ளக் கஷ்டப்பட்டது. மகன் இரண்டு தடவை என்னோடு கோபமாகப் பேசினார். எண்ணில் மட்டும் நோய் தெரியும்போது எல்லோருக்கும் அன்றே மருந்து மாற்றுவதில்லை. மெல்ல ஏறினால் நெருங்கிப் பார்த்திருக்கலாம், கையிலிருக்கும் மருந்துகள் எண்ணிச் செலவழிக்கவேண்டியவை. வேகமாக இரட்டித்தால் காத்திருக்கக்கூடாது. அதைத் தீர்மானிக்க இனிமேல் இடைவெளியைச் சுருக்கி எடுப்பது என்று முடிவானது. அந்த முடிவு சரி என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

செப்டெம்பரில் கப்பா 131, லம்டா 7.5, விகிதம் 17.5, ஈமோகுளோபின் 10.6. எம் புரதம் 0.9, மிகக் குறைந்த 0.3இல் இருந்து 0.6 கூடியாயிற்று. இரண்டு கிழமையில் உறுதிப்படுத்த எடுத்தது 1.0. எம்ஆர்ஐ படத்தில் இடுப்பென்பில் புதிய புண் ஒன்று, இன்னும் நோகத் தொடங்காதது. அது உடையுமுன் தெரிந்தது. மே மாதத்தில் நான் வாய் திறந்திருந்தால் இன்னும் முன்னே தெரிந்திருக்குமோ என்று என்னால் சொல்லமுடியாது. அந்தக் கேள்வியை அவரிடமே கேட்டு மன்னிப்பும் கேட்டேன். "நானும்தானே பார்த்தனான் தம்பி, நானும்தானே விட்டனான்" என்றார்.

லெனலிடொமைட்டை நிறுத்திப் போர்டிசோமிப்போடு வேறு மருந்து சேர்த்துத் தொடங்கினார்கள். ஒரு மாதம் கழித்து வந்த அறிக்கையை மகள் கொண்டுவந்தார், ரீச்சர் பின்னால் மெல்ல நடந்து வந்தார். கப்பா 48. லம்டா 7.9. எம் புரதம் 0.9, அசைந்ததென்றே சொல்லமுடியாது.

"மாமா, எம் புரதம் குறையேல்லையே" என்றார் மகள்.

ரீச்சர் திண்ணையில் இருந்து கொப்பியை மடியில் வைத்தார். சிவப்புப் புள்ளியைக் கீழே இறக்கி வைத்தார். எம் புரதத்தின் புள்ளியைப் பழைய இடத்துக்குக் கிட்டவே வைத்துவிட்டு, பக்கத்தில் பென்சிலால் "21 நாள்" என்று எழுதினார். பிறகு சுவரில் தொங்கிய கலண்டரை எடுத்துத் தரச்சொல்லி, விரல் வைத்து எண்ணத் தொடங்கினார்.